யாருடைய அடுப்பு? – டேர்பன் சமையல் நூலொன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சமையல் நூலொன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது இலக்கிய ஏடொன்றுக்குத் தகுமா என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். கவிதையும் நாவலும் நாடகமும் மட்டுமே விமர்சகனின் பார்வைக்குரியவை. உப்பும் புளியும் அடுப்படிக்குரியவை என்பதே நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். ஆயினும், ஒரு நூல் இலட்சக்கணக்கில் அச்சாகி, மணமகள் புகுந்த வீட்டுக்குச் செல்லும்போது சீரோடு சீராக உடன் செல்லுமாயின், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகம் ‘நாம் யார்’ என்பதை அந்நூலின் பக்கங்களைப் புரட்டியே தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வருமாயின், அந்நூலை இலக்கியத்துக்குப் புறம்பானதென ஒதுக்கும் உரிமை நமக்கு உண்டா? பல நாவல்களுக்குக் கிட்டாத வாழ்வு அதற்குக் கிட்டியிருக்கிறது. அவ்வாழ்வுக்கான சமூகக் காரணங்களைத் தேடுவது விமர்சனத்தின் வேலையே.

நாம் குறிப்பிடுவது தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் 1961 இல் வெளிவந்த ‘இந்தியன் டிலைற்ஸ்’ என்னும் நூலை. அந்நகரத்துப் பெண்கள் 1954 இல் அமைத்துக்கொண்ட ‘பெண்கள் கலாசாரக் குழு’ இதனை வெளியிட்டது. தொகுத்துப் பதிப்பித்தவர் சுலைகா மயாத். 1926 இல் பிறந்து 2024 இல் மறைந்த இவ்வம்மையார் பத்திரிகையில் எழுதியவர், குடும்ப வரலாறுகளை எழுதியவர், நாட்டின் விடுதலை இயக்கத்தோடு உறவு பேணியவர். நூலால் வந்த பணத்தைக் குழுவினர் மாணவர்க்கு உதவுதொகையாக வழங்கினர். பதிப்பகம் எதனையும் நாடாது தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே விற்றனர். வீட்டுக்கு வெளியே பெண்ணின் குரல் கேளாதிருந்த ஒரு சூழலில், கையளவும் கண்ணளவுமாக வாய்மொழியில் மட்டுமே வழங்கிய அறிவை ஏட்டில் ஏற்றிய செயல் சிறிய செயலன்று. இதனை முதலில் சொல்லிவிட்டே மேற்செல்ல வேண்டும். பின்வரும் குறைகூறல்கள் எவையும் அவ்வுழைப்பின் மதிப்பைக் குறைக்கும் நோக்கின.

நூல் தோன்றிய காலத்தைக் கவனித்தல் வேண்டும். 1860 நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘ட்றூரோ’ என்னும் கப்பல் நேட்டால் கரையை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு 152,184 பேர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். கரும்புத் தோட்டத்துக்கு அவர்களின் முதுகு தேவைப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தபின் அவர்களின் முகம் தேவைப்படவில்லை. மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் ஊர் திரும்பாமலும் எஞ்சியோர் மீது ஆண்டொன்றுக்கு மூன்று பவுண் தலைவரி விதிக்க 1895 இல் சட்டம் பிறந்தது. 1913 இன் பெருவேலைநிறுத்தத்தின் பின்னரே அவ்வரி ஒழிந்தது. வரி ஒழிந்தும், இந்தியரைத் திருப்பியனுப்பும் எண்ணம் ஒழியவில்லை. இந்தியர் இந்நாட்டின் நிரந்தர மக்கட் பிரிவினரே என்று வெள்ளை அரசு ஏற்றுக்கொண்டது 1961 இல். அதாவது முதற் கப்பல் வந்து நூற்றோராண்டு கழித்து. அப்போதும் வாக்குரிமை தரப்படவில்லை. ‘இந்தியன் டிலைற்ஸ்’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று காரணமென நாம் சொல்லவில்லை. ஆனால், போகச் சொல்லி நூறாண்டு நிர்ப்பந்திக்கப்பட்ட ஒரு கூட்டம், போவதில்லை என்று முடிவுசெய்துவிட்டதன் அடையாளமாக இந்நூலை வாசிக்க இடமுண்டு. நாளை கப்பலேற இருப்பவள் ஊறுகாய்க்கு அளவு எழுதி வைப்பதில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 இல் கையெழுத்தாகி, தலைகளை எண்ணிப் பங்கிட்ட கதையை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இனி நூலின் பெயரிலுள்ள ‘இந்திய’ என்ற சொல்லுக்கு வருவோம். அங்குள்ள இந்தியர் ஒரே வழியில் வந்தவரல்லர். ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் ஒரு சாரார். 1870 களிலிருந்து தம் சொந்தச் செலவில் பயணச்சீட்டு வாங்கி, வணிகம் நாடிக் குஜராத்திலிருந்து வந்தோர் மற்றொரு சாரார். முன்னவர் தோட்டத்து லயத்தில் இருந்தனர்; பின்னவர் கடைத்தெருவின் மேல்மாடியில் இருந்தனர். முன்னவரின் கடனேட்டைப் பின்னவர் வைத்திருந்தனர் என்பதும் அபூர்வமன்று. குழுவின் மையமாக அமைந்தோர் பெரும்பாலும் குஜராத்தி பேசும் முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் பெண்கள். அவர்கள் தம் வீட்டுச் சமையலோடு நின்றுவிடாது, தென்னிந்தியப் பண்டங்களுக்கும் இடமளித்தனர் என்பது உண்மை. மொழியும் மதமும் கடந்து ‘இந்தியர்’ என்ற ஒற்றுமையை அடுப்படி வழியே காண விழைந்தனர் என்பதும் உண்மை. இனவெறி அரசு மக்களைத் துண்டுதுண்டாக நறுக்கிய காலத்தில் அவ்விழைவுக்கு ஒரு முற்போக்குப் பெறுமானம் இருந்தது.

ஆனால் ஒற்றுமை எப்போதும் யாரோ ஒருவருடைய மேசையைச் சுற்றியே அமைகிறது. சமையல் நூல் என்னும் வடிவமே சில நிபந்தனைகளை முன்வைக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அளக்கக் கிண்ணமும் கரண்டியும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘இன்று என்ன சமைக்கலாம்’ என்று கேட்கும் வசதி வேண்டும். இன்று சமைக்க ஏதும் இருக்கிறதா என்று கேட்டவளின் அறிவு அவ்வடிவத்துக்குள் எளிதில் அடங்காது. எனவேதான் இந்நூலில் விருந்தும் மணவீடும் பண்டிகையும் ஓங்கி நிற்கின்றன. நெய்யும் இறைச்சியும் இனிப்பும் நிறைந்த அப்பக்கங்களைப் புரட்டும் இன்றைய இளைஞன், தன் பாட்டனும் பாட்டியும் இவற்றையே உண்டு வாழ்ந்தனரென எண்ணிக்கொள்வானாயின், அது வரலாற்றுப் பிழையாகும். பிழை நூலாசிரியையருடையதன்று. ஒரு வர்க்கத்தின் விருந்துமேசையை ஒரு சமூகம் முழுவதன் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்ட வாசகருடையது.

அந்தப் பாட்டனும் பாட்டியும் உண்டதுதான் என்ன? முதலாண்டில் மாதம் பத்துச் சிலிங் கூலி. அதன்மேல் படியாக அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய் அல்லது நெய், உப்பு. அரிசி கடல்கடந்து வரவேண்டும், விலை கூடியது. ஆகவே தோட்டத்துரைமார் அரிசிக்குப் பதிலாகச் சோளமாவை அளந்தனர். சோறுண்ட வாய்க்குச் சோளக் களி இறங்கவில்லை. இறங்காததை இறங்கச் செய்ய அப்பெண்கள் கண்ட வழிகளே அந்நாட்டுத் தமிழ்ச் சமையலின் மெய்யான தொடக்கம் என்பது நமது எண்ணம். சோளத்தை உடைத்துக் குறுநொய்யாக்கிச் சோறுபோல் வடித்தனர். வரப்போரத்துக் கீரையைப் பறித்தனர்; அதே கீரையைச் சூலு இனப் பெண்கள் ‘இமிஃபினோ’ என்று பறித்துக்கொண்டிருந்தனர். சூலுக்கள் ‘அமடும்பே’ எனப் பயிரிட்ட கிழங்கு நம் சேம்பே. அது ‘மடும்பி’ என்ற பெயரோடு இந்தியர் சட்டியிலும் ஏறியது. அவரை விதை இறைச்சியின் இடத்தை எடுத்துக்கொண்டது. வசதியுள்ளோர் கழித்த ஆட்டுக்காலும், பின்னாளில் தகரத்தில் அடைத்த மீனும் ஏழை வீட்டுக் குழம்பாயின. இவை இன்று டேர்பனில் பெருமையோடு பரிமாறப்படுகின்றன. பெருமை வருவதற்கு முன் அவற்றில் பசி இருந்தது.

இவற்றுள் மிகுந்த பொருளுடையதாக நமக்குப் படுவது மாரியம்மன் கஞ்சி. தமிழகத்துக் கிராமத்தில் ஆடி மாதத்துக் கூழ் கேழ்வரகிலோ கம்பிலோ காய்ச்சப்படுவது. நேட்டாலில் அது சோளமாவில் காய்ச்சப்பட்டது, புளிக்கவைத்துக் கோயிலில் வார்க்கப்பட்டது, இன்றும் வார்க்கப்படுகிறது. சோளமாவைப் புளிக்கவைத்து அருந்தும் ‘அமாஹேவு’ சூலு மக்களின் அன்றாட ஆகாரம். அம்மன் கலயத்தில் இருப்பது தமிழனின் கூழா, ஆபிரிக்கனின் கஞ்சியா? சுத்தவாதிகளுக்கு இக்கேள்வி இடர்தரும். அம்மன் ஏற்றுக்கொண்டதை அவர்கள் ஏற்றுத்தானாக வேண்டும்! சோளமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கப்பலில் ஆபிரிக்காவுக்கு வந்த பயிர். அவ்வாறே மிளகாயும் மரவள்ளியும். இவை நீங்கினால் நமது யாழ்ப்பாணத்து ஒடியற் கூழில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைக் கூழுண்போர் எண்ணிப் பார்க்கலாம்.

மொழி போயிற்று. அங்குள்ள தமிழ் வழிவந்தோரின் வீட்டுமொழி பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. ஆயினும் முறுக்கும் வடையும் இரசமும் பெயர் மாறவில்லை. புரட்டாசி வந்தால் பல வீடுகளில் இறைச்சி விலக்கப்படுகிறது. தமிழ் எழுத்தறியாத ஒருவன் அடுப்படியில் தமிழ்ச்சொல் பத்து அறிந்திருக்கிறான். இதைக் கண்டு இங்குள்ள சிலர் உருகுவதுண்டு. உருகுவதோடு நில்லாது, எஞ்சிய சொற்கள் ஏன் அடுப்படிச் சொற்களாகவே இருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். பள்ளியும் அலுவலகமும் நீதிமன்றமும் பறித்துக்கொண்ட மொழியின் கடைசிச் சொற்களைப் பெண்களின் வேலை மட்டுமே காத்தது. அவ்வேலைக்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை.

உணவு மக்களைச் சேர்க்கும் என்பர். பிரிக்கவும் செய்யும். 1908 இல் ஜொகானஸ்பேர்க் சிறையில் அடைக்கப்பட்ட காந்தியாரும் தோழரும் சோளக் களி தமக்குப் பழக்கமில்லாதது என்று அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தனர். பழகாத உணவை மறுக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆயினும் ஆபிரிக்கக் கைதியோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டதையும் ஒரு குறையாக அவர் அக்காலத்தில் எழுதினார் என்பதை மறைத்துப் பயனில்லை. களிக்கிண்ணம் இங்கே நிறக்கோடாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் றொபன் தீவுச் சிறையில் அக்கோட்டை அரசே சட்டமாக வரைந்தது. இந்தியக் கைதிக்கும் கலப்பினக் கைதிக்கும் பாண் உண்டு; ஆபிரிக்கக் கைதிக்குப் பாண் இல்லை. சீனியிலும் இறைச்சியிலுங்கூட அளவு வேறு. மண்டேலாவோடு சிறையிருந்த அஹமத் கத்ராடா இந்தியர் என்பதால் பாண் பெற்றார், தலைவர் பெறவில்லை. இம்முறை இந்தியக் கைதிகள் தமக்கு மேலான உணவு கேட்கவில்லை. அனைவர்க்கும் ஒரே உணவு வேண்டுமென்று ஆபிரிக்கத் தோழரோடு சேர்ந்து போராடினர். 1908 இலிருந்து அங்குவரை அச்சமூகம் நடந்த தூரத்தை எந்தத் தேர்தல் அறிக்கையையும்விடத் தெளிவாக இந்த இரு கிண்ணங்கள் காட்டுகின்றன.

கத்ராடா சிறையிலிருந்தபடி 1979 முதல் 1989 வரை கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்களுள் ஒருவர் நம் சுலைகா மயாத். அக்கடிதங்கள் 2009 இல் நூலாயின. சமையல் நூலின் ஆசிரியை என்று அவரைக் குறுக்கிவிடும் வாசகர் அந்நூலையும் தேடிப் படித்தல் நன்று. ஆயுட் கைதிக்குக் கடிதம் எழுதிய கைதான் மணவீட்டு விருந்துக்கு அளவும் எழுதியது. வணிக வர்க்கத்துப் பெண்ணென்று ஒரு சொல்லில் அவரைத் தள்ளிவிட முனையும் நமது அவசரத்துக்கு இது ஒரு தடை. வர்க்கம் மனிதரை உருவாக்குகிறது. முற்றாக அடைத்து விடுவதில்லை.

டேர்பன் உணவைப் பற்றிப் பேசுவோர் ‘பன்னி சௌ’ பற்றிப் பேசாமல் விடுவதில்லை. இறாத்தல் பாணை அரையாகவோ காலாகவோ வெட்டி, நடுவைக் குடைந்து, கறியை ஊற்றி, குடைந்தெடுத்த பாணை மேலே மூடியாக வைத்துத் தருவது. இதனைத் தோற்றுவித்தவர் யார் என்பதில் பெரும் வழக்கு உண்டு. ‘பனியா’ என்ற குஜராத்தி வணிகரின் பெயரே ‘பன்னி’ ஆயிற்று என்பது ஒரு கட்சி. கிறே வீதி உணவகங்களில் 1940 களில் பிறந்ததென்பர். கரும்புக் காட்டுக்குத் தொழிலாளர் கட்டிச்சென்ற பகலுணவே இது என்பது இன்னொரு கட்சி. குழிப்பந்துத் திடலில் வெள்ளையருக்குப் பை சுமந்த இந்தியர் இடைவேளையில் உண்டது என்பது மூன்றாவது. ஆவணம் கொண்டு முடிவுகட்ட இயலாத வழக்கு இது. நாமும் முடிவுகட்ட முனையவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்சியும் எதனை உரிமைகொண்டாடுகிறது என்பதைக் கவனிக்கலாம். வணிகர் வழிவந்தோர்க்கு வணிகன் தோற்றுவித்தவன். தொழிலாளர் வழிவந்தோர்க்குத் தொழிலாளி. வழக்காடுவது பாணைப் பற்றியன்று. டேர்பனைக் கட்டியவர் யார் என்பதைப் பற்றி.

இவ்வழக்கில் சாட்சிக் கூண்டுக்கே அழைக்கப்படாத ஒருவன் இருக்கிறான். நிறவாரி ஒதுக்கல் நிலவிய நாளில் உணவகத்துள் அமர்ந்து உண்ண ஆபிரிக்கனுக்கு அனுமதியில்லை. அவனுக்குப் பின்யன்னல் வழியே கொடுக்கத் தட்டு வேண்டாத, திரும்பிவராத ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. பாண் பாத்திரமாயிற்று என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவ்விளக்கம் மெய்யாயின், இவ்வுணவின் வடிவத்தை நிர்ணயித்தவன் சமைத்தவன் மட்டுமல்லன், யன்னலுக்கு வெளியே நின்றவனுமாவான். இன்று ஆபிரிக்கக் குடியிருப்புக்களில் இளைஞர் உண்ணும் ‘கோட்டா’ இதன் உடன்பிறப்பே. அதனை இந்தியப் பாரம்பரியப் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை.

சுற்றுலாத் துறையார் இங்கே விரைந்து வந்து, ‘பாருங்கள், பல இனமும் ஒரே பாணில்!’ என்று விளம்பரம் எழுதிவிடுவர். அவ்வளவு எளிதன்று. 1949 சனவரியில் அதே டேர்பனில் ஆபிரிக்கரும் இந்தியரும் மோதியதில் 142 பேர் மாண்டனர். கடைக்காரனும் வாடிக்கையாளனுமாக, வீட்டுக்காரனும் குடிசை வாடகையாளனுமாக அவர்களை எதிரெதிரே நிறுத்திய அமைப்பு கறியின் மணத்தால் கரையவில்லை. 2021 யூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் ஆபிரிக்கர். இறந்தோரின் அயலிலே பன்னி சௌ விற்கும் கடைகள் இருந்தன. ஒன்றாக உண்பது ஒன்றாக வாழ்வதற்கு ஈடாகாது.

மெய்யான ஒற்றுமையைக் காண விழைவோர்க்கு நாம் காட்டுவது வோர்விக் சந்திப்பிலுள்ள அதிகாலைச் சந்தையை. தோட்டக்காரராகிய இந்தியர் தம் மரக்கறிகளை விற்க 1910 அளவில் தொடங்கிய சந்தையின் வழியில் வந்தது அது. மஞ்சளும் கறிவேப்பிலையும் மடும்பியும் அங்கேதான் வந்து குவிகின்றன. 2009 இல் அதனை இடித்துப் பெரும் விற்பனை மாளிகை கட்ட மாநகரசபை திட்டமிட்டது. அம்மாநகரசபை வெள்ளையர் சபையன்று. விடுதலையின் பின் வந்த சபை. இந்திய வியாபாரிகளும், மூட்டை சுமக்கும், நடைபாதையில் விற்கும் ஆபிரிக்கரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. பாரம்பரியம் என்ற சொல் அங்கே பயன்பட்டது. ஆனால் அது ஒரு பிழைப்புரிமையின் கவசமாகப் பயன்பட்டது. கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்காக அன்று.

புனைகதையிலும் இவ்வுலகம் பதிவாகியிருக்கிறது. றொனி கவெண்டரின் காற்றோ மனர்ச் சிறுகதைகள் 1996 இல் நூலாயின. அசீஸ் ஹசீமின் ‘த லோற்றஸ் பீப்பிள்’ என்ற நாவல் 2002 இல் கிறே வீதியைப் பாடுபொருளாக்கியது. (அவ்வீதிக்கு இன்று யூசுப் டாடூ என்னும் கம்யூனிஸ்ட் தலைவரின் பெயர்.) காற்றோ மனரிலிருந்து மக்கள் 1950 களிலும் 1960 களிலும் பெயர்த்தெறியப்பட்டனர், இந்தியர் சற்ஸ்வேத்துக்கு, ஆபிரிக்கர் குவாமஷுவுக்கு. முருங்கையும் கறிவேப்பிலையும் நின்ற வளவை விட்டு, நகரசபை கட்டிய நெருக்கமான வீடுகளுக்கு வந்த பெண்ணின் சமையல் என்னாயிற்று என்பதைச் சமையல் நூல் சொல்லாது. கவெண்டரின் கதைமாந்தர் பேசும் கொச்சை மொழியில் அதன் சுவடு உண்டு. இருவகை நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்பதே பயன்தரும். ஒன்று பொருளைச் சொல்கிறது, மற்றது அதனை இழந்த கதையைச் சொல்கிறது.

ஈழத்தில் 1960 களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை மூத்த வாசகர் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியமாகலாமா என்று கேட்டோருக்கு, மரபென்பது யாருடைய மரபு என்ற எதிர்க்கேள்வியே விடையாக நின்றது. அக்கேள்வி பாஷையோடு முடிந்துவிட்டதென நாம் கருதிவிட்டோம் போலும். 2023 இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்ததை நாடெங்கும் நினைவுகூர்ந்தபோது, விழாக்கள் பலவற்றில் ‘பாரம்பரிய உணவு’ மேசைகள் இடம்பெற்றன. தேங்காய்ப்பூ இட்ட றொட்டியும் சம்பலும் வாழையிலையில் அழகுற அடுக்கப்பட்டிருந்தன. தோட்டத்தில் அரிசி கூலிக் கணக்கில் கழிக்கப்பட்டதையும், 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டதையும், 1973 இலும் 1974 இலும் லயங்களில் மக்கள் பட்டினியால் மாண்டதையும் அந்த இலைகள் சொல்லவில்லை.

நாம் கற்பிக்கும் பாடசாலையிலும் அவ்வாண்டு ஒரு கண்காட்சி நடந்தது. றொட்டி மேசைக்குப் பொறுப்பாயிருந்த பத்தாம் வகுப்பு மாணவி, தோட்டத்திலிருந்து வருபவள், அட்டையில் செய்முறை எழுதுமுன் நம்மிடம் வந்து, “சேர், றொட்டி நம்ம பாரம்பரியமா, இல்ல அரிசி வாங்க முடியாததா?” என்று கேட்டாள். இரண்டும்தான் என்றோம். விடை அவளுக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாள் அட்டை மேசையில் இருந்தது. கோதுமை மா, தேங்காய், உப்பு, தண்ணீர் என்று சேர்மானங்களை வரிசையாக எழுதி, அவற்றின் கீழே மா ஒரு கிலோவின் அன்றைய விலையையும், அதற்கும் கீழே தன் தாயின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்பதையும் அவள் எழுதியிருந்தாள். பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் கடைசி இரு வரிகள் சமையற் குறிப்புக்கு வேண்டாதவை, அழித்துவிடலாமே என்றார். அவள் அழிக்கவில்லை.